டயர்த் தொழிலும் இயற்கைக் காப்பும்: மிச்சலின் கம்பனியின் வரலாறு

மனிதன் ஆக்கிய பொருள்களுட் சில்லு மிகப் பழையது. அச்சில்லைச் சூழ்ந்திருக்கும் டயரோ மிகப் புதியது. சில்லு தோன்றி ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகின்றது. காற்றடைத்த டயர் மக்களின் வழக்கிற்கு வந்து நூற்றைம்பது ஆண்டுகள்கூட நிறையவில்லை. எனினும் இக்குறுகிய காலத்துள் அது செய்த மாற்றங்கள் பல. அமேசன் காட்டில் தனித்தனியே வளர்ந்த ஒரு மரத்தை அது ஆசியாவின் பெருந்தோட்டப் பயிராக்கிற்று. பரந்த காடுகள் அழிதற்கும், இலட்சக்கணக்கான மக்கள் ஊர்விட்டு ஊர்சென்று தொழில் செய்தற்கும் அதுவே காரணமாயிற்று.

இன்று டயர் செய்யும் பெருங்கம்பனிகள் தம் பழம்பெருமையை எடுத்துரைப்பதோடு அமையாது, இயற்கையைக் காக்குங் கடப்பாடு தமக்குண்டு என்றும் கூறுகின்றன. இக்கூற்றை நாம் எவ்வாறு மதித்தல் வேண்டும்? முற்றாக நம்பிவிடுதல் ஒருவகை. வெறும் விளம்பரமென்று தள்ளிவிடுதல் மற்றொரு வகை. இவ்விரண்டும் ஆராயாது முடிவுகூறும் வழிகளே. ஒரு கம்பனியின் வரலாற்றை எடுத்து, அது ஆக்கியதையும் அழித்ததையும் ஒருங்கு வைத்து நோக்குதலே தக்கது. பிரான்சு நாட்டு மிச்சலின் கம்பனி இதற்கு ஏற்ற எடுத்துக்காட்டாகும். டயர் அமைப்பில் நிகழ்ந்த பெருமாற்றங்களுள் இரண்டு அதன் பெயரோடு இணைந்தவை. ஒரு நூற்றாண்டுக் காலத்தில் பல நாடுகளில் அது இறப்பர்த் தோட்டங்களை நடத்தியிருக்கின்றது. ஆதலின் சொல்லையும் செயலையும் ஒப்பிடுதற்கு வேண்டிய சான்றுகள் அதன் வரலாற்றில் நிரம்ப உள.

கம்பனியின் தோற்றம்

பிரான்சின் நடுப்பகுதியிலுள்ள கிளேர்மோன் பெரான் என்னும் நகரில், 1832ஆம் ஆண்டளவிற் கமத்தொழிற் கருவிகள் செய்யுந் தொழிற்சாலையொன்று எழுந்தது. அதனை நிறுவியோர் அரிஸ்தீத் பார்பியே, எடுவார் தோப்ரே என்னும் இருவர். தோப்ரேயின் மனைவியார், இறப்பர் பூசிய நீர்புகாத் துணியாற் புகழ்பெற்ற சாள்ஸ் மக்கின்தொஷ் என்பாரின் உறவினர். அவ்வம்மையார் பிள்ளைகள் விளையாடுதற்கு இறப்பர்ப் பந்து செய்துகொடுத்தமையே அத்தொழிற்சாலையுள் இறப்பர் புகுதற்கு வழியாயிற்று என்பர். பிற்காலத்தில் அத்தொழிற்சாலை நலிவுற்றபோது, பார்பியேயின் பேரன்மாராகிய அந்திரே மிச்சலின், எடுவார் மிச்சலின் என்னுஞ் சகோதரர் அதனைப் பொறுப்பேற்றனர். மூத்தவர் பொறியியல் கற்றவர். இளையவர் ஓவியம் பயின்றவர். 1889ஆம் ஆண்டு மே மாதத்தில் மிச்சலின் கம்பனி என்னும் பெயர் ஏற்பட்டது.

டன்லப் என்பார் காற்றடைத்த டயரை 1888ஆம் ஆண்டில் வழக்கிற்குக் கொணர்ந்திருந்தார். ஆயின் அது சில்லோடு பசையால் ஒட்டப்பட்டிருந்தது. காற்றுப் போனால் அதனைக் கழற்றிச் செப்பனிடுதற்குப் பல மணிநேரம் வேண்டும். ஒட்டியது காய்தற்கு ஓரிரவு வேண்டும். கழற்றி மாட்டக்கூடிய டயரொன்றை மிச்சலின் சகோதரர் 1891ஆம் ஆண்டில் ஆக்கினர். அவ்வாண்டு செத்தெம்பரிற் பரிசிலிருந்து பிரெஸ்ற் வரை சென்று மீளும் ஏறத்தாழ 1,200 கிலோமீற்றர்த் துவிச்சக்கர வண்டிப் போட்டியில், அந்த டயரைப் பூட்டிய சாள்ஸ் தெரோன் என்பார் முதலிடம் பெற்றார். 1895ஆம் ஆண்டிற் பரிசு - போர்தோ ஓட்டத்தில் மோட்டார் வண்டிக்கும் காற்றடைத்த டயரைப் பூட்டி ஓட்டிக் காட்டினர்.

1900ஆம் ஆண்டில் இக்கம்பனி பயணிகளுக்கான வழிகாட்டி நூலொன்றை 35,000 படிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கிற்று. உணவகங்களின் தரங்கூறும் நூலாக இன்று உலகம் அறிந்திருப்பது அந்நூலே. அது எழுந்த காரணம் கருதற்பாலது. மோட்டார் வண்டி உடையோர் வெகுதூரம் பயணஞ் செய்தல் வேண்டும். பயணம் பெருகின் டயர் தேயும். டயர் தேயின் விற்பனை வளரும். இது வணிகத்தின் இயல்பான நோக்கமே. இதிற் குற்றங் காண்பதற்கில்லை. ஆயினும் இந்நோக்கத்தை மனத்தில் இருத்திக்கொள்ளுதல் வேண்டும். மிகுதியாகத் தேய்தல் அன்றைய விருப்பம். குறைவாகத் தேய்தல் இன்றைய வாக்குறுதி. ஒன்றிலிருந்து மற்றொன்றிற்குச் செல்லும் வழியே இக்கட்டுரையின் பொருள்.

டயர் எவ்வாறு சத்தியை விழுங்குகின்றது?

வண்டியின் பாரத்தால், டயர் நிலத்தைத் தொடும் இடத்தில் அமுங்கி நெளிகின்றது. சில்லு உருண்டதும் அவ்விடம் பழைய வடிவிற்கு மீள்கின்றது. இவ்வாறு நெளிந்து மீளும் இறப்பர், தன்னை நெளித்த சத்தி முழுவதையும் திருப்பித் தருவதில்லை. ஒரு பகுதியை வெப்பமாக இழந்துவிடுகின்றது. நெடுந்தூரம் ஓடிய வண்டியின் டயரைத் தொட்டுப் பார்ப்போர் இவ்வெப்பத்தை உணர்வர். இவ்விழப்பினை உருளல் தடை என்பர். மோட்டார் வண்டி எரிக்கும் பெற்றோலில் ஏறத்தாழ ஐந்திலொரு பங்கு இத்தடையை வெல்லுதற்கே செலவாகின்றது. டயர் ஒன்றினாற் சூழலுக்கு நேருங் கேட்டிற் பெரும்பகுதி, அது தொழிற்சாலையிற் செய்யப்படுங் காலத்தில் அன்று, வீதியில் ஓடுங் காலத்திலேயே விளைகின்றது என்பதை இதனால் அறியலாம்.

பழைய டயரினுள் நூலிழைப் படைகள் ஒன்றன்மேல் ஒன்று சாய்வாகக் குறுக்கிட்டுக் கிடந்தன. டயர் நெளியுந்தோறும் அவை கத்தரிக்கோலின் அலகுகள்போல ஒன்றோடொன்று உராய்ந்து வெப்பத்தைப் பிறப்பித்தன. மிச்சலின் கம்பனியிற் பணிபுரிந்த மரியுஸ் மிஞோல் என்பாரின் ஆராய்ச்சி இதற்கு மாற்றுக் கண்டது. இழைகளைச் சில்லின் ஆரைகள்போல ஓரத்திலிருந்து ஓரத்திற்கு நேரே செலுத்தி, நிலத்தைத் தொடும் பட்டையின் கீழே உருக்குக் கம்பி வளையத்தை வைத்தனர். இதனால் டயரின் பக்கங்கள் இளகி நெளியவும், அடிப்பட்டை உறுதியாகக் கிடக்கவும் முடிந்தது. 1946ஆம் ஆண்டில் உரிமை பதியப்பெற்று, 1949ஆம் ஆண்டில் விற்பனைக்கு வந்த இந்த ஆரைவழி டயர் நெடுநாள் உழைத்தது, எரிபொருளையும் மிச்சப்படுத்திற்று. 1973ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பின்னர் அமெரிக்கரும் இதனை நாடினர். இன்று உலகின் மோட்டார்க் கார்கள் பெரும்பாலும் இவ்வமைப்பின்மீதே ஓடுகின்றன.

இரண்டாவது மாற்றம் 1992ஆம் ஆண்டில் நிகழ்ந்தது. இறப்பரை வலுப்படுத்துதற்கு எண்ணெயிலிருந்து பெறுங் கரிப்பொடியைக் கலத்தல் நெடுங்கால வழக்கம். டயருக்குக் கருநிறம் வந்தது இதனாலேயே. உருளல் தடையைக் குறைப்பின் ஈரவீதியில் வழுக்கும். வழுக்காமற் செய்யின் தடை மிகும். இவ்விரண்டையும் ஒருங்கே வெல்லுதல் அரிதென்றே நெடுங்காலம் எண்ணப்பட்டது. கரிப்பொடியின் பெரும்பகுதிக்கு மாற்றாக, மணலிலிருந்து பெறும் சிலிக்காவை, இறப்பரோடு பிணைக்கும் ஓர் இரசாயனப் பொருளின் துணையாற் கலந்தபோது இத்தடை நீங்கிற்று. வீதியைப் பற்றும் ஆற்றல் குன்றாமல் உருளல் தடை குறைந்தது. பிற கம்பனிகளும் இம்முறையைப் பின்பற்றின. 2012ஆம் ஆண்டு முதல் ஐரோப்பாவில் விற்கப்படுந் டயர்களில், எரிபொருட் சிக்கனத்தையும் ஈரவீதியிற் பற்றும் ஆற்றலையும் காட்டுஞ் சீட்டு ஒட்டப்படல் வேண்டுமென்பது சட்டமாயிற்று.

இவற்றில் ஓர் உண்மை புலனாகின்றது. ஆரைவழி டயர் தோன்றிய காலத்தில் இயற்கைக் காப்பென்னும் பேச்சே எழவில்லை. நல்ல பொருளைச் செய்தல் வேண்டுமென்னுந் தொழில் நாட்டமே அதனை ஆக்கிற்று. எனினும் பின்னர் வெளிவந்த வாக்குறுதிகள் பலவற்றினும் பார்க்க அது இயற்கைக்குச் செய்த நன்மை பெரிது. அதேவேளை, டயர் ஒன்றினால் வருங் கேடு குறைந்தபோதும், உலகில் ஓடும் வண்டிகளின் தொகை பெருகியமையால் மொத்தக் கேடு குறைந்ததெனக் கூறுதல் இயலாது.

மரத்தின் கதை

டயர் வீதியில் ஓடுவது. ஆயின் அதன் வேர் காட்டில் உள்ளது. செயற்கை இறப்பர் எண்ணெயிலிருந்து பெறப்படுகின்றது. ஆயினும் வெடிப்பைத் தாங்குதலிலும் வெப்பம் மிகாது உழைத்தலிலும் மரத்தின் பாலிலிருந்து பெறும் இறப்பருக்கு அது முற்றும் ஈடாகாது. லொறி, ஆகாய விமானம் ஆகியவற்றின் டயர்களில் இயற்கை இறப்பரின் பங்கு மிகுதி. உலகில் விளையும் இயற்கை இறப்பரில் ஏறத்தாழ எழுபது வீதம் டயர்த் தொழிலுக்கே செல்கின்றது.

1876ஆம் ஆண்டில் ஹென்றி விக்கம் என்பார் பிறேசிலிலிருந்து ஏறத்தாழ 70,000 இறப்பர் விதைகளை இலண்டன் கியூப் பூங்காவிற்குக் கொணர்ந்தார். முளைத்தவை சிலவே. அவற்றுட் பெரும்பாலான கன்றுகள் அவ்வாண்டே இலங்கைக்கு அனுப்பப்பட்டுக் கம்பஹாவை அடுத்த ஹெனரத்கொடைப் பூங்காவில் நடப்பட்டன. ஆசியாவின் இறப்பர்த் தொழிலுக்கு அப்பூங்கா ஒரு தொட்டிலாயிற்று.

மிச்சலின் கம்பனி 1920களின் நடுப்பகுதியிற் பிரெஞ்சு ஆட்சியிலிருந்த இந்தோசீனாவில், இன்றைய வியட்நாமின் தென்பகுதியில், பூ றியெங், டவ் தியெங் ஆகிய இடங்களிற் காடழித்துத் தோட்டம் அமைத்தது. வடபகுதியின் வறிய மக்கள் ஒப்பந்தத்தின் பேரில் அங்கே கொண்டுசெல்லப்பட்டனர். மலேரியாக் காய்ச்சலும், கடும் வேலையும், மேற்பார்வையாளரின் அடியும் அவர்களை வருத்தின. 1930ஆம் ஆண்டு பெப்ரவரியிற் பூ றியெங் தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தஞ் செய்தெழுந்தனர். அவ்வெழுச்சி படைபலத்தால் அடக்கப்பட்டது. அதில் முன்னின்றவருள் ஒருவரான திரான் து பின் என்பார் பிற்காலத்தில் அத்தோட்ட வாழ்வைப்பற்றிய நினைவுகளை நூலாக்கினார். கம்பனியின் பழம்பெருமை பேசப்படுமிடத்தில் இவ்வதிகாரமும் பேசப்படல் வேண்டும். மண்ணையும் மனிதரையும் வேறுவேறாகப் பிரித்துக் காத்தல் இயலாது. காட்டை விலையற்றதாக எண்ணிய கண்ணே தொழிலாளியின் உயிரையும் விலையற்றதாக எண்ணிற்று.

பாகியாவில் நிகழ்ந்தது

மரத்தின் தாயகமாகிய பிறேசிலிலே இறப்பர்த் தோட்டம் செழிக்கவில்லை. அப்பகுதிக்கு உரிய பூஞ்சணம் ஒன்று இலைகளைத் தாக்கி உதிர்த்துவிடும். காட்டிலே மரங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் நின்றமையால் நோய் பரவவில்லை. தோட்டத்தில் நெருங்கி நின்றபோது விரைந்து பரவிற்று. 1920களின் இறுதியில் ஹென்றி போட் அமேசனில் அமைத்த பெருந்தோட்டமும் அழிந்தது இதனாலேயே.

பாகியா மாநிலத்து அத்திலாந்திக் கரையோரத்தில் அமெரிக்கக் கம்பனியொன்று அமைத்திருந்த தோட்டத்தை மிச்சலின் 1984ஆம் ஆண்டில் வாங்கிற்று. அங்கும் இலைநோய் வருத்திற்று. கம்பனி அத்தோட்டத்தைக் கைவிட்டு நீங்கியிருக்கலாம். அவ்வாறன்றி, பிரெஞ்சு வேளாண் ஆராய்ச்சியாளரோடு சேர்ந்து நோயைத் தாங்கும் மரவினங்களைத் தேர்ந்தெடுத்தது. இந்நூற்றாண்டின் தொடக்கத்தில் தோட்டத்தின் பெரும்பகுதியை நடுத்தரத் தோட்டங்களாகப் பிரித்து, அங்கே பணிபுரிந்தோருக்கு விற்றது. இறப்பரோடு கொக்கோவும் வாழையும் ஊடுபயிராக நடும் முறை ஊக்குவிக்கப்பட்டது. எஞ்சிய நிலத்தில் 3,000 எக்டேயருக்கு மேற்பட்ட பகுதி இயற்கை ஒதுக்ககமாக்கப்பட்டது.

இதன் சிறப்பை அறிதற்கு அவ்விடத்துக் காட்டின் நிலையை அறிதல் வேண்டும். பிறேசிலின் கரையோரம் முழுவதும் பரந்திருந்த அத்திலாந்திக் காட்டில் இன்று எஞ்சியிருப்பது ஏறத்தாழ எட்டிலொரு பங்கே. அதுவுஞ் சிறு துண்டுகளாகச் சிதறிக் கிடக்கின்றது. மஞ்சள் மார்புடைய கப்புச்சின் குரங்கு போன்ற அருகிவரும் உயிர்கள் அத்துண்டுகளிலே வாழ்கின்றன. பாகியா ஒதுக்ககத்தில் வேட்டை தடுக்கப்பட்டது. நாட்டு மரங்கள் நடப்பட்டன. ஆராய்ச்சியாளருக்கு இடமும் வசதியும் அளிக்கப்பட்டன. நாற்பதினாயிரம் எக்டேயர் இருந்திருப்பின் இன்னும் நன்று எனலாம். எனினும் மூவாயிரத்தைக் காத்தவர் காத்தவரே. பூ றியெங்கில் ஆட்களைக் கொண்டு காட்டை வென்ற கம்பனி, பாகியாவிற் காட்டிற்கு இடம்விட்டு வாழக் கற்றது என்பதை மறுத்தல் நேர்மையாகாது.

சுமாத்திராவின் வழக்கு

நன்மைக்குரிய செய்தியோடு வரலாறு முடிந்துவிடவில்லை. 2015ஆம் ஆண்டில் மிச்சலின் கம்பனி இந்தோனேசியக் கம்பனியொன்றுடன் கூட்டுச்சேர்ந்து, சுமாத்திராவின் ஜம்பி மாகாணத்திலும் கிழக்குக் கலிமந்தானிலும் இறப்பர்த் திட்டமொன்றை மேற்கொண்டது. பாழ்பட்ட நிலத்தில் மரம் நடுதல், அயலிலுள்ள காட்டைக் காத்தல், ஊரவர்க்குத் தொழில் வழங்குதல் என்பன அதன் நோக்கங்களாகக் கூறப்பட்டன. ஜம்பி நிலம் யானையும் புலியும் வாழும் புக்கித் திகாபூலுத் தேசிய வனத்தை அடுத்துள்ளது. 2018ஆம் ஆண்டில், இயற்கைக்கு நலந்தருந் திட்டமென்னும் பெயரில், 9.5 கோடி அமெரிக்க தொலர் கடன்பத்திரங்கள் வாயிலாகத் திரட்டப்பட்டது.

2020ஆம் ஆண்டில் மைற்றி ஏர்த் என்னும் சூழற் காப்பு அமைப்பு ஒரு குற்றச்சாட்டை வெளியிட்டது. கூட்டு ஏற்படுமுன்னரே உள்ளூர்ப் பங்காளியின் கிளைக் கம்பனி அந்நிலத்தில் நின்ற காட்டைப் பெருமளவில் அழித்துவிட்டதென்றும், முதலீட்டாளருக்கு அது தெளிவாகக் கூறப்படவில்லையென்றும் அவ்வமைப்புச் சாட்டிற்று. 2022ஆம் ஆண்டில் மிச்சலின் பங்காளியின் உரிமையையும் வாங்கித் திட்டம் முழுவதையுந் தானே ஏற்றது.

இவ்வழக்கு ஒரு பொதுவினாவை எழுப்புகின்றது. ஒரு நிலத்தைப் ‘பாழ்பட்ட நிலம்’ என்று அழைக்குமுன், அதனைப் பாழாக்கியவர் யார், எப்போது என்று கேட்டல் வேண்டும். மரம் நடுதல் நற்செயல். ஆயின் காட்டை வெட்டிய இடத்தில் ஒரே வகை மரத்தை நடுதல் காட்டை மீளக் கொடுத்தல் ஆகாது. 1993ஆம் ஆண்டு முதல் தென்கிழக்காசியாவில் இறப்பருக்காக 40 இலட்சம் எக்டேயருக்கு மேற்பட்ட காடு அழிந்ததென்று, செய்மதிப் படங்களைக்கொண்டு செய்யப்பட்டு 2023ஆம் ஆண்டில் வெளியான ஆய்வொன்று காட்டிற்று.

இதற்குப் பரிகாரம் காணும் முயற்சிகளும் நிகழ்கின்றன. காடழித்துப் பெற்ற இறப்பரை வாங்குவதில்லை என்னுங் கொள்கையை மிச்சலின் 2016ஆம் ஆண்டில் வெளியிட்டது. டயர்க் கம்பனிகளும், பயிர்செய்வோரும், சூழற் காப்பு அமைப்புகளும் அடங்கிய உலக மன்றமொன்று 2018ஆம் ஆண்டிற் சிங்கப்பூரைத் தளமாகக்கொண்டு தோன்றிற்று. 2020ஆம் ஆண்டு முடிவிற்குப் பின் காடழிக்கப்பட்ட நிலத்தில் விளைந்த இறப்பரை விலக்குஞ் சட்டத்தை ஐரோப்பிய ஒன்றியம் 2023ஆம் ஆண்டில் இயற்றிற்று. அது நடைமுறைக்கு வருந் திகதி பின்னர்ப் பின்போடப்பட்டது. உலகின் இறப்பரிற் பெரும்பகுதி சிறுதோட்டக்காரரிடமிருந்தே வருகின்றது. தம் நிலத்தின் எல்லையை வரைபடத்திற் காட்டவேண்டிய சுமை அவ்வேழைகள்மீது விழுமாயின், அதற்கான செலவை வாங்குவோர் ஏற்றலே முறையாகும்.

வீதியில் உதிருந் துகள்

இதுவரை கூறியவற்றினும் விடுத்தற்கரிய சிக்கல் ஒன்றுண்டு. டயர் தேய்கின்றது என்கின்றோம். தேய்ந்த பகுதி எங்கே செல்கின்றது? நுண்ணிய துகளாக வீதியிற் படிந்து, மழைநீரோடு ஆற்றையுங் கடலையும் அடைகின்றது. காற்றிலுள்ள ஓசோன் இறப்பரை வெடிக்கச் செய்யும். அதனைத் தடுத்தற்கு 6பிபிடி என்னும் இரசாயனப் பொருள் உலகின் டயர்கள் பெரும்பாலானவற்றிற் சேர்க்கப்படுகின்றது. அப்பொருள் ஓசோனோடு சேர்ந்து வேறொரு பொருளாக மாறுகின்றது. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்து ஓடைகளில், மழைக்குப் பின்னர்க் கோஹோ சாமன் மீன்கள் முட்டையிடுமுன்னரே இறந்து கிடந்தமைக்கு இம்மாறிய பொருளே காரணமென்று 2020ஆம் ஆண்டு டிசெம்பரில் விஞ்ஞானிகள் வெளியிட்டனர். டயரின் ஆயுளை நீட்டித்த பொருளே மீனின் ஆயுளைக் குறைத்தது.

இக்குறை ஒரு கம்பனிக்கு மாத்திரம் உரியதன்று. தொழில் முழுவதற்கும் உரியது. மின்சாரக் கார் புகையை ஒழிக்கலாம். ஆயின் அது பாரம் மிக்கதாதலின் டயரைத் தேய்த்தல் ஒழியாது. 2024ஆம் ஆண்டில் இயற்றிய விதிகளின் வாயிலாக ஐரோப்பிய ஒன்றியம் டயர்த் தேய்வுக்கும் எல்லை வகுக்க முற்பட்டது. தன் டயர்கள் யாவும் 2050ஆம் ஆண்டளவில் மீளப் பெறக்கூடிய அல்லது மீளப் பயன்படுத்திய பொருள்களாலேயே செய்யப்படும் என்றும், 2030ஆம் ஆண்டில் அப்பங்கு நாற்பது வீதமாகும் என்றும் மிச்சலின் கூறியுள்ளது. ஒரு டயரில் இருநூறுக்கு மேற்பட்ட பொருள்கள் சேர்கின்றன என்பதை எண்ணின் இதன் அருமை விளங்கும். சட்டம் அனுமதிக்கும் 1.6 மில்லிமீற்றர் அளவு வரை டயரைப் பயன்படுத்துக. முன்னரே கழற்றி வீசற்க என்றும் அக்கம்பனி வற்புறுத்துகின்றது. டயர் விரைந்து தேய்தற்பொருட்டு 1900ஆம் ஆண்டில் வழிகாட்டி நூல் வழங்கிய கம்பனியே இன்று இவ்வாறு கூறுதல் கருதற்பாலது.

எமது நாடும் இத்தொழிலும்

இவை யாவும் தூரதேசத்துச் செய்திகள் என்று நாம் இருந்துவிடல் பொருந்தாது. ஹெனரத்கொடையில் நட்ட கன்றுகளின் வழிவந்த தொழில் இன்றும் எம் நாட்டிற் பல குடும்பங்களைத் தாங்குகின்றது. பாரந்தூக்கும் பொறிகளுக்கான திண்ம டயர் செய்வதில் இலங்கை உலகில் முன்னணியில் நிற்கின்றது. இங்கே பெரிய தொழிற்சாலைகளை நடத்திய கம்சோ என்னும் கம்பனியை 2018ஆம் ஆண்டில் மிச்சலின் வாங்கிற்று. அவற்றுட் சிலவற்றை இந்தியாவின் சியற் கம்பனிக்கு விற்கும் உடன்படிக்கை 2024ஆம் ஆண்டு டிசெம்பரில் அறிவிக்கப்பட்டது. பெயர்ப்பலகை மாறும், கம்பனி வரும், போகும். மண்ணும் ஆறும் அவற்றை நம்பி வாழும் மக்களும் இங்கேயே இருப்பர். ஆதலின் உரிமையாளர் யாராயினும், கேட்கவேண்டிய வினாக்களை நாமே அறிந்திருத்தல் வேண்டும்.

அவ்வினாக்கள் மூன்று. பொருள் முன்னையிலும் நெடுநாள் உழைக்கின்றதா? மூலப்பொருள் வந்த நிலத்தின் முழு வரலாறும் கூறப்படுகின்றதா? அங்கே உழைப்போர் மதிக்கப்படுகின்றனரா? முதல் வினாவிற்கு மிச்சலின் கம்பனியின் வரலாறு நல்ல விடை தருகின்றது. இரண்டாவதற்குப் பாகியாவில் ஒரு விடையும் சுமாத்திராவில் வேறொரு விடையும் கிடைக்கின்றன. மூன்றாவதற்குப் பூ றியெங் தந்த விடை மறத்தற்குரியதன்று.

பழம்பெருமை என்பது புகழை மாத்திரம் பெற்றுக்கொள்ளும் உரிமையன்று. கடனையும் சேர்த்து ஏற்கும் பொறுப்பாகும். தந்தையின் நிலத்தை ஏற்கும் மகன் அந்நிலத்தின்மீதுள்ள கடனையும் ஏற்பதே உலக வழக்கு. தொழிற் கம்பனிக்கும் அவ்வழக்குப் பொருந்தும். தன் கடனை மறைக்காது எழுதி, ஆண்டுதோறும் அதில் ஒரு பகுதியையேனும் அடைத்துவரும் தொழிலே இயற்கையைக் காக்குந் தொழில் எனப்படுதற்கு உரியது.